பாவு நீலம், ஊடை பச்சை

நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் பச்சை என்று சொல்லிவிடும். எனக்குச் சாம்பல் வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆடி மாதத்து இரவு ஒன்று. கணினியில் முதன்முதலாக ஒரு வாழையிலை வரைந்துகொண்டிருந்தேன். வாட்டர்கலர் பெட்டியில் பழகிய கை என்பதால் பளிச்சென்று ஒரு திட்டு நீலம் வைத்தேன், அதை ஒட்டி ஒரு திட்டு மஞ்சள் வைத்தேன், இரண்டையும் பிரஷ்ஷால் இழுத்துக் குழைத்தேன். நடுவில் பிறந்தது அடுப்புச் சாம்பல். பிரஷ்ஷை மாற்றினேன், சாம்பல். கணினியை அணைத்து மறுபடி போட்டேன், சாம்பல். தெரிந்தவர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய மடிக்கணினி அது. திரை போய்விட்டது என்று முடிவுகட்டிப் படுத்துவிட்டேன்.

திரை நன்றாகத்தான் இருந்தது. திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. தூய நீலம் 0, 0, 255. தூய மஞ்சள் 255, 255, 0. பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னால் மென்பொருள் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 128, 128, 128 என்று நீட்டுகிறது. மூன்றும் சமமாக இருந்தால் சாம்பல். காகிதத்தில் நடப்பது வேறு கதை. நீல வண்ணம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது, மஞ்சள் வண்ணம் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, இரண்டும் சேர்ந்து விழுங்காமல் விட்டுவைப்பது பச்சையை மட்டும். திரையில் விழுங்கலே கிடையாது, வெறும் சராசரி. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். முதலாளி சம்பளத்தையும் காவலாளி சம்பளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த இடத்தில் யாருமே வாங்காத ஒரு சம்பளம் வரும். என் சாம்பலும் அப்படி வந்ததுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "சாயக்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பச்சை வரவில்லையா?" என்று சிரித்தார்.

சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருடம் பட்டு நெய்தவர். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். பெரியப்பாவின் கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருந்தது. திங்கட்கிழமை கத்திரிப்பூ, வியாழக்கிழமை குங்குமம். சின்ன வயதில் எல்லாப் பெரியப்பாக்களுக்கும் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நான் சிறுவர்களுக்குக் கதை எழுதுவேன். படம் போட ஆள் வைத்துக் கூலி கொடுக்க வசதி இல்லாததால் 39 வயதில் நானே வரையக் கிளம்பினேன். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

வரைவதற்கு நான் வைத்திருப்பது கிரிட்டா என்ற இலவச மென்பொருள். ஸ்வீடிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி என்று பொருள். அப்பா காதில் அது கிருதாவாக விழுந்து, வெகு நாள் "இன்னும் கிருதாதான் வைத்துக்கொண்டிருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேனா டேப்லெட் பழையது, திரை இல்லாதது. கை மேசையில் போகும், கோடு எதிரே திரையில் விழும். முதல் மூன்று வாரம் பித்துப் பிடித்தவள்போல இருந்தேன். கண்ணாடியைப் பார்த்து மற்றவர் தலையில் வகிடு எடுப்பதுபோன்ற வேலை. பேனா 8192 அழுத்த நிலைகளை உணரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. என் கைக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: பட்டும் படாமல், அல்லது அம்மி அரைப்பதுபோல. டேப்லெட் வழுக்குகிறது என்று அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினேன். காகிதத்தில் வரைகிற உணர்வு வந்தது. பேனா முனையும் இரண்டே மாதத்தில் தேய்ந்தது. தாளைப் பிரிக்கவில்லை, முனைகளை வாங்கிக்கொண்டேன்.

பிரஷ் சேர்க்கும் நோய் எல்லோருக்கும் வருவதுபோல எனக்கும் வந்தது. இணையத்தில் கிடைத்ததையெல்லாம் இறக்கி முந்நூறு பிரஷ் வைத்திருந்தேன். இன்றைக்கு எடுப்பது மூன்று. கோட்டுக்கு ஒன்று, நிறம் நிரப்ப விளிம்பு கெட்டியான ஒன்று, இழைக்க ஒன்று. ஏர்பிரஷ் பக்கம் போவதே இல்லை. அதைக் கையில் எடுத்தால் தாத்தா, பானை, யானை எல்லாம் ஊதிய பலூன் ஆகிவிடுகின்றன.

வண்ணம் போடும் வரிசை வீடியோக்களில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். லேயர் என்றால் படத்தின் ஓர் அடுக்கு. மேல் லேயரில் கோடு. கீழ் லேயரில் நிழல், ஒளி எதுவும் இல்லாத தட்டை நிறங்கள். நடுவில் நிழலுக்கு ஒரு லேயர். அதன் கலப்பு முறையை மல்டிப்ளை என்று வைத்துவிட்டால், மேலே இருக்கும் எண்ணையும் கீழே இருக்கும் எண்ணையும் பெருக்கி 255 ஆல் வகுத்துக் காட்டும். கீழே 200, மேலே 128 என்றால் விடை 100. மேலே வெள்ளை இருந்தால் கீழே எதுவும் மாறாது. இரண்டு கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுபோல. இங்கேதான் ஒளி உண்மையிலேயே விழுங்கப்படுகிறது, காகிதத்தில் நடப்பதற்குப் பக்கத்தில் வருகிறது. அந்த வாழையிலைத் திட்டுகளை நடுச்சாயலில் வைத்து மல்டிப்ளையில் போட்டிருந்தால் பச்சை கிடைத்திருக்கும்.

ஆனால் வீடியோவில் கற்றதைவிட ஒரே ஒரு கோப்பில் கற்றது அதிகம். டேவிட் ரெவோய் என்ற பிரெஞ்சு ஓவியர் கிரிட்டாவில் வரைந்த தம் படக்கதையின் மூலக் கோப்புகளை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார். ஒன்றைத் திறந்தேன். என் மடிக்கணினி மூச்சுத் திணறியது. ஏ4 தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480க்கு 3508. ஒரு லேயருக்கே சுமார் 35 மெகாபைட். என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தபோது திறந்திருந்தது. ஒவ்வொரு லேயராக அணைத்தும் போட்டும் பார்த்தேன். சமையலறைக்குள் நுழைந்து இன்னொருத்தி எதை முதலில் தாளித்தாள் என்று பார்ப்பதுபோல இருந்தது. நான் முகத்துக்கு நாற்பது லேயர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சில லேயர்களிலேயே, முதலில் தப்பாகப் போட்டதன் மேலேயே திரும்பத் திரும்பத் தீட்டியிருந்தார்.

அடுத்த தவறு கறுப்பு. நிழல் என்றால் கறுப்புதானே என்று எல்லா நிழலையும் கறுப்பில் போட்டேன். என் கதையில் வந்த சிறுமி நிலக்கரிக் கிடங்கிலிருந்து எழுந்து வந்தவள்போல இருந்தாள். எங்கள் வீட்டில் கோவில்பட்டி கொண்டைய ராஜு பாணியில் வரைந்த ஒரு பழைய லட்சுமி நாள்காட்டிப் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. முப்பது வருடம் அதற்கு விளக்கு ஏற்றியிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்: லட்சுமியின் கழுத்தடி நிழலில் கறுப்பே இல்லை. மங்கிய ஊதாவும் செங்கல் நிறமும் இருந்தன.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கைலாசநாதர் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன், நிழல் பார்க்க. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது, மணற்கல். அந்தக் கல்லுக்குத் தனி நிறம் என்று ஒன்று இருப்பதாகத் தோன்றாது. காலையில் பிஸ்கட், நான்கு மணிக்கு மேல் தேன். தூணடிச் சிங்கங்களின் முதுகில் விழும் நிழல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அதில் நீலம் ஏறியிருக்கும். வயிற்றடி நிழல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் காய்ந்த தரை அனுப்பும் சூடான மஞ்சள் அதில் இருக்கும். புல்வெளி ஓரத்துச் சிற்பத்தின் தாடையில் லேசாகப் பச்சை. நோட்டில் பென்சிலால் அம்புக்குறி போட்டு "இங்கே நீலம்", "இங்கே மாம்பழம்" என்று எழுதிக்கொள்வேன். சுற்றுலா வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தொல்லியல் துறையா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே சுற்றிலும் இருக்கும் சிறு சன்னிதிகளில் பல்லவர் காலத்துச் சுவரோவியங்களின் மிச்சம் இருக்கிறது. நிறம் பெரும்பாலும் உதிர்ந்து, சில இடங்களில் கோடு மட்டும் நிற்கிறது. சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் கோடு, அதன்மேல் நிறம். அந்த ஓவியர்களுடைய லேயர்களைக் காலம் ஒவ்வொன்றாக அணைத்து எனக்குக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வண்ணம் தீட்டாத வெறும் கோட்டோவியத்துக்குச் சங்கப் பாடலில் "புனையா ஓவியம்" என்று ஒரு பெயர் இருக்கிறது. என் முதல் லேயருக்கு இப்போது அந்தப் பெயர்தான். கோப்பில் லேயர் பெயர்களைத் தமிழில் வைக்க முடிகிறது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு: புனையா, தட்டை, நிழல், வெயில்.

நிழலுக்குச் சாம்பல் கலந்த ஊதா போடத் தொடங்கியதும் சிறுமி நிலக்கரிக் கிடங்கை விட்டு வெளியே வந்தாள். ஆனாலும் படம் தட்டையாகவே இருந்தது. காரணம் வேறு இடத்தில் இருந்தது. நிறம் தேர்ந்தெடுக்கும் வட்டத்தில் நிறம், அடர்த்தி, வெளிச்சம் என்று மூன்று ஸ்லைடர்கள் இருக்கின்றன. தூய மஞ்சளுக்கும் வெளிச்சம் 100 என்று காட்டும், தூய நீலத்துக்கும் 100 என்றே காட்டும். இரண்டும் ஒரே அளவு வெளிச்சம் என்று நம்பி, இரவுக் காட்சியில் மஞ்சள் விளக்கின் வெளிச்சம் விழும் வாசலுக்குத் தூய நீலத்தை வைத்திருந்தேன். விளக்கைச் சுற்றி இருட்டு எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஸ்லைடர் பொய் சொல்கிறது. கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சம், அடுத்தது சிவப்பு, நீலம் கடைசி. கலர் தொலைக்காட்சி வந்த காலத்தில், அதே நிகழ்ச்சி பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் சரியாகத் தெரியவேண்டும் என்று பொறியாளர்கள் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் மஞ்சள் 89, நீலம் வெறும் 11. கிரிட்டாவில் வட்டத்தின் அமைப்பை மாற்றி இந்த மாதிரிக் கணக்குப்படி நிறம் எடுக்க வழி இருக்கிறது. மாற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைக் கறுப்பால் நிரப்பி, அதன் கலப்பு முறையை கலர் என்று வைத்துவிட்டால் முழுப் படமும் ஒரு நொடியில் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். வேலை நடுவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்கிறேன்.

அப்பாவுக்கு லேயர் தேவைப்படவில்லை. ஒரு படத்தைக் காட்டினால் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். "கரை உடலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது" என்பார். அவருக்கு எல்லாப் படமும் புடவைதான். ஆளும் வீடும் மரமும் கரை, உடல், முந்தி. கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில் இரண்டு சாம்பலும் ஒன்றாகவே இருக்கும்.

அச்சில் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர் மாத இதழ் ஒன்றில் என் படம் வந்தது, முழுப் பக்கம், வண்ணத்தில். கிளிப்பச்சைப் பாவாடை, வாடாமல்லிச் சட்டை. திரையில் கண்ணைப் பறித்த இரண்டும் காகிதத்தில் ஊறப்போட்ட பாசிப்பயறும் வாடிய கத்திரிக்காயுமாக வந்திருந்தன. இதழ்க்காரர்மேல் தவறில்லை. திரை ஒளியால் காட்டுகிறது. அச்சு சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் காட்டுகிறது. திரை தரும் பளிச்சென்ற பச்சைகளும் ஊதாக்களும் அந்த நான்கு மைக்கு எட்டாதவை. எட்டாத நிறத்தைக் கேட்டால் தனக்கு எட்டிய பக்கத்து நிறத்தை அது கொடுக்கிறது. கிரிட்டாவில் கன்ட்ரோலையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும். அந்த வசதி அதுவரை எனக்குத் தெரியாது.

பெரியப்பா இருந்திருந்தால் இதற்கு வியந்திருக்க மாட்டார். சாயத் தொட்டியிலிருந்து எடுத்த ஈர நூல் எப்போதும் அடர்ந்து தெரியும், காய்ந்தால் வெளுக்கும். தொட்டியருகே நின்றுகொண்டு காய்ந்தபின் என்ன நிறம் வரும் என்பதை ஈரத்திலேயே கண்டுபிடிப்பதுதான் அவருடைய தொழில். கழியில் நூற்கட்டைத் தூக்கி, ஓர் இழையை விரலில் சுற்றி, வாயால் ஊதிக் காயவைத்துப் பார்ப்பார். அவருடைய கன்ட்ரோல் ஒய் அது. குழல்விளக்கில் ஒருபோதும் நிறம் பார்க்கமாட்டார். மாதிரி நூலையும் புது நூலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். விளக்கடியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்பு வெயிலில் இரண்டாகிவிடும்.

இதை நேரில் பார்த்து வளர்ந்தவள் என்ன செய்தேன் தெரியுமா? இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எனக்கு வரைய நேரம் கிடைக்கும். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மடிக்கணினியில் இரவு ஒளியைப் போட்டுவைத்திருந்தேன். அது திரையிலிருந்து நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்கிவிடும். குளக்கரைக் காட்சி ஒன்றை ஆறு இரவுகள் வரைந்தேன். நீலம் போதவில்லை, போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஏழாம் நாள் காலையில் திறந்தபோது குளம், கரை, மாடு, மேய்ப்பவன் எல்லாம் இங்க் புட்டிக்குள் விழுந்து எழுந்ததுபோல இருந்தன. அப்பா பார்த்துவிட்டு, "மாட்டுக்கு என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்டார்.

இனி மயில்கழுத்து.

திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் பாட்டி ஒருத்தியை வரைந்தேன். அவளுக்கு மயில்கழுத்துப் பட்டு, அரக்குக் கரை. வட்டத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு நிறத்தை எடுத்தேன், அதையே கொஞ்சம் இருட்டாக்கி மடிப்புகளில் நிழல் போட்டேன், கொஞ்சம் வெளிச்சமாக்கி மேடுகளில் தீட்டினேன். பாடத்தில் சொன்னதை ஒரு வரி விடாமல் செய்தேன். பாட்டி பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா நாற்காலியைத் தள்ளினார். கண்ணை இடுக்கினார்.

"இது என்ன நிறம் பாப்பா?"

"மயில்கழுத்து."

"மயில்கழுத்து ஒரு நிறம் என்று உனக்கு யார் சொன்னது?"

எழுந்து போய் பீரோவிலிருந்து அம்மாவின் புடவையைக் கொண்டுவந்தார். 1994இல் அப்பா நெய்தது. ஆயிரம் புடவை நெய்தவர் வீட்டுக்கென்று நெய்தது அந்த ஒன்றுதான். எனக்கு அப்போது 10 வயது; கோடை விடுமுறை. கோர்வைப் புடவையில் கரைக்கும் உடலுக்கும், குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் நாடா தனித்தனியாக ஓடும். ஓர் ஆள் வலப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்கவேண்டும். அந்த ஆள் நான். நாடா தள்ளும்போது எதிரே நீளவாக்கில் விரிந்திருந்த பாவு நூல் முழுக்க நீலம் என்பதும், அப்பா கையிலிருந்து வந்த தாரில், அதாவது நாடாவுக்குள் இருக்கும் நூல்குழலில், பச்சை என்பதும் என் கண் முன்னாலேயே நடந்த விஷயம். ஒரு மாதம் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் கழித்து அதை ஒரே எண்ணாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜன்னலோரம் புடவையை மணிக்கட்டில் போட்டுக் கையைத் திருப்பினார். "பாவு நீலம், ஊடை பச்சை. இப்படிச் சாய்த்தால் பாவு பேசும். அப்படிச் சாய்த்தால் ஊடை பேசும்." பட்டு இழையின் குறுக்குவெட்டு முக்கோண வடிவில் இருக்கும்; அதனால்தான் அந்த மினுமினுப்பு. பாவு இழை ஒரு திசையில் ஓடுகிறது, ஊடை அதற்குக் குறுக்கே. மடிப்பின் ஒரு சரிவு ஜன்னலைப் பார்க்கும்போது ஒரு திசை இழைகள் ஒளியை நமக்குத் திருப்பிவிடுகின்றன, அடுத்த சரிவில் மற்றவை. ஆகவே மயில்கழுத்தின் வெளிச்சமும் நிழலும் ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கமாக இருப்பதில்லை. வெளிச்சம் ஒரு நிறம், நிழல் இன்னொரு நிறம்.

புடவையை நாற்காலியில் போட்டு வைத்துக்கொண்டு மறுபடியும் வரைந்தேன். உடல் முழுவதும் தட்டையாக நீலம், கொஞ்சம் இருண்டது. புது லேயரில், ஜன்னலைப் பார்க்கும் சரிவுகளில் மட்டும் பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் குழைக்கக்கூடாது. குழைத்தால் சராசரி வந்து உட்கார்ந்துவிடும், பழைய குடம் திரும்பிவிடும். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கீற்றுகள், நீலத்துக்குள் பச்சை, பச்சைக்குள் நீலம், நெய்வதுபோலவே. மடிப்பின் முதுகில் மெல்லிய ஒரு வெளிச்சக் கோடு. நான்கு இரவு ஆனது.

இடையில் ஒரு குறுக்குவழி முயன்றேன். புடவையைச் செல்பேசியில் படம் எடுத்து, பச்சை நன்றாகத் தெரியும் இடத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கலாம் என்று பார்த்தேன். கரைக்கு ஒட்டிய ஒரு மடிப்பு, சத்தியம் செய்து சொல்வேன், இளம்பச்சை. உறிஞ்சினால் வந்தது கிட்டத்தட்டச் சாம்பல். மூன்று எண்களும் அக்காள் தங்கைபோலப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தச் சாம்பலைப் பச்சையாகக் காட்டியது பக்கத்திலிருந்த அரக்குக் கரை. சிவப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சாம்பலில் கண் தானாகப் பச்சையைப் பார்க்கிறது.

இதை முதலில் விரிவாக எழுதியவர் ஓவியர் இல்லை. ஷெவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1824இல் பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தார். கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்று புகார். நூலை எடுத்துச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யும்போதுதான் அந்தக் கறுப்பு சோகை பிடித்துத் தெரிந்தது. பக்கத்து நிறம்தான் குற்றவாளி. 1839இல் இதைப் புத்தகமாகவே போட்டார். 102 வயது வரை வாழ்ந்தார். சாயத்தொட்டி வாடை ஆயுளைக் கூட்டும் என்றால் பெரியப்பாவும் இன்று இருந்திருக்கவேண்டும்.

இந்தக் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அண்ணனுக்கும் இதே தகராறு வந்திருக்கிறது" என்றார். ஒரே தொட்டியில் நனைத்த மாம்பழ மஞ்சளை இரண்டு தறிக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்று பச்சைக் கரை, மற்றது அரக்குக் கரை. கடைக்காரர் இரண்டு புடவையையும் விரித்துப் போட்டு, இது வேறு சாயம், கூலியைப் பிடிப்பேன் என்று நின்றிருக்கிறார். பெரியப்பா ஒன்றும் பேசாமல் புடவைக்கு ஒரு மஞ்சள் இழையை உருவி, இரண்டையும் ஒன்றாக முறுக்கி அவர் விரலில் சுற்றிவிட்டு, "இப்போது எது எது என்று பிரித்துச் சொல்லுங்கள்" என்றாராம். கூலி வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். இடப்பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த பெயர். வலப்பக்கம் என் எண்கள். நான் ஸ்லைடரை நகர்த்துவேன், அவர் பகல் வெளிச்சத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே "இன்னும், இன்னும், நிறுத்து" என்பார். அரக்கு முதல் நாளே முடிந்தது. சந்தனம், பாக்கு, கனகாம்பரம் அதிகச் சண்டை இல்லாமல் முடிந்தன. குங்குமத்துக்கும் மிளகாய்ப்பழத்துக்கும் நடுவே ஒரு வாரம் போயிற்று. வாடாமல்லிக்குப் பக்கத்தில் "அச்சில் வராது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். மயில்கழுத்துக்கு இரண்டு வரி, பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று. சில பெயர்களுக்கு எதிரே எந்தக் கரையை ஒட்டி வைத்துப் பார்த்தோம் என்பதையும் குறித்திருக்கிறோம். அது இல்லாமல் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். கிரிட்டாவில் இதை ஒரு பேலட்டாகச் சேமித்து வைத்திருக்கிறேன். 22 நிறங்கள் சேர்ந்துவிட்டன.

நேற்று வெங்காயத்தோலுக்கு வந்தோம். சிவப்பில் கொஞ்சம் பழுப்பு சேர்த்து, வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே வந்தேன். அப்பா நிறுத்து என்று சொல்லவே இல்லை. திரும்பிப் பார்த்தால் சமையலறைக்குப் போயிருந்தார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். ஒன்றில் சின்ன வெங்காயத்தின் தோல், மற்றதில் பெரிய வெங்காயத்தின் தோல்.

"எங்கள் காலத்தில் எதைச் சொன்னார்கள் என்று ஞாபகம் வரவில்லையே, பாப்பா" என்றார்.

இரண்டையும் ஜன்னலில் வைத்திருக்கிறோம். அம்மா அதற்குள் ஒன்றைப் பெருக்கித் தள்ளிவிட்டாள்.